ஆபீஸ் பிரிண்டரை கேபிளில் இணைக்கும்போது கவனிக்க வேண்டியவை: என் அனுபவம்

"பிரிண்டர் வேலை செய்யலை" என்று யாராவது வந்து நின்றால், பெரும்பாலும் பிரிண்டர் நன்றாகத்தான் இருக்கும். பக்கத்தில் போய் ஒரு காப்பி எடுத்துப் பார்த்தால் சுத்தமாக வரும். கணினியில் மட்டும் 'ஆஃப்லைன்' என்று காட்டும். நான் வேலை பார்க்கும் இடத்தில் கணினி, நெட்வொர்க் சம்பந்தப்பட்ட எல்லாமே என் பொறுப்பு. நான் பார்த்தவரை, இந்த ஆஃப்லைன் புகார்களில் பாதிக்கும் மேல் காரணம் ஒன்றுதான். கணினி ஒரு ஐபி முகவரியில் (நெட்வொர்க்கில் ஒவ்வொரு சாதனத்துக்கும் உள்ள எண்) பிரிண்டரைத் தேடிக்கொண்டிருக்கும், பிரிண்டர் வேறொரு முகவரியில் இருக்கும். டிரைவரை அழித்து மறுபடி போடுவது, பிரிண்டரை அணைத்து அணைத்துப் போடுவது எல்லாம் அந்த நேரத்துக்குச் சரியானது போலத் தெரியும். முகவரியை ஒரே இடத்தில் நிலையாக நிறுத்தாதவரை அது திரும்பத் திரும்ப வரும்.

எங்களிடம் இருப்பது பிரிண்ட், ஸ்கேன், காப்பி, ஃபேக்ஸ் நான்கும் சேர்ந்த மெஷின். அது முதலில் வைஃபையில் ஓடிக்கொண்டிருந்தது. மாதக் கடைசியில் கணக்குப் பிரிவு பெரிய ஃபைல்களை அனுப்பும்போது நடுவில் நின்றுவிடும், கொஞ்ச நேரம் கழித்துத் தானாகத் தொடரும். அதனால் கேபிளுக்கு மாற்றுவது என்று முடிவானது. இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. போனும் லேப்டாப்பும் நகர்கிற சாதனங்கள், அவற்றுக்கு வைஃபை தேவை. ஒரே மூலையில் வருடக்கணக்கில் இருக்கப் போகிற பிரிண்டரை, பக்கத்தில் நெட்வொர்க் பாயிண்ட் இருக்கும்போது, வைஃபையில் விட்டுவைக்கக் காரணமே இல்லை.

முதலில் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். பெரும்பாலான ஆபீஸ் மெஷின்களில் பின்னால் மூன்று நான்கு துளைகள் இருக்கும். சதுரமாக இருப்பது யூஎஸ்பி. சின்னதாக இரண்டு பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அவை ஃபேக்ஸுக்கான டெலிபோன் இணைப்புகள். அவற்றைவிடக் கொஞ்சம் அகலமானதுதான் நெட்வொர்க் போர்ட், அதாவது ஆர்ஜே45. சில மெஷின்களில் இந்தப் போர்ட்டின் மேல் ஒரு ஸ்டிக்கரோ பிளாஸ்டிக் மூடியோ இருக்கும். வைஃபையில் போடுகிறவர்கள் குழம்பக்கூடாது என்று கம்பெனியே ஒட்டி அனுப்புவது. அதைப் பார்த்துவிட்டு "இதில் லேன் இல்லை" என்று முடிவு கட்டியவர்கள் உண்டு. டெலிபோன் ஒயரின் சின்ன முனை நெட்வொர்க் போர்ட்டுக்குள்ளும் போய் உட்கார்ந்துவிடும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போய்விட்டது என்பதால் அது சரியான கேபிள் என்று ஆகிவிடாது.

கேபிளைச் செருகியதும் 'டிக்' என்று சத்தம் வர வேண்டும், லேசாக இழுத்தால் வெளியே வரக்கூடாது. கிளிப் உடைந்த கேபிளை பிரிண்டருக்குப் போடவே போடாதீர்கள். பேப்பர் ஜாம் எடுக்க, டோனர் மாற்ற என்று அந்த மெஷினை ஆட்டிக்கொண்டேதான் இருப்பார்கள். கேபிள் லேசாக நகர்ந்தாலும் தொடர்பு போய்விடலாம். அப்புறம் போர்ட்டின் பக்கத்தில் உள்ள சின்ன விளக்குகளைப் பாருங்கள். ஒன்று நிலையாக எரிந்தால் மறுமுனையில் சுவிட்ச், அதாவது எல்லா நெட்வொர்க் கேபிள்களும் வந்து சேரும் பெட்டி, கிடைத்துவிட்டது என்று அர்த்தம். இன்னொன்று விட்டு விட்டு மின்னினால் தகவல் போய்வருகிறது. இரண்டுமே எரியவில்லை என்றால் மெனுவுக்குள் போய் எதை மாற்றினாலும் பயனில்லை.

எங்களுக்கு முதலில் விளக்கு எரியவே இல்லை. சுவரில் நெட்வொர்க் சாக்கெட் இருக்கிறது, கேபிளும் புதிது. விசாரித்தால், அந்தச் சாக்கெட்டிலிருந்து போகும் ஒயர், சுவிட்ச் இருக்கும் ரேக்கில் உள்ள இணைப்புப் பேனல் வரைக்கும்தான் வந்திருக்கிறது. அங்கிருந்து சுவிட்சுக்குப் போக வேண்டிய குட்டை கேபிளை யாருமே போடவில்லை. கட்டடத்தில் ஒயரிங் செய்பவர்கள் எல்லாச் சாக்கெட்டையும் சுவிட்சில் இணைத்துவிட்டுப் போவதில்லை. அதனால் மெஷினைத் தூக்கி வைப்பதற்கு முன்பே, ஒரு லேப்டாப்பை அதே சாக்கெட்டில் செருகி, வைஃபையை அணைத்துவிட்டு நெட் வருகிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. கனமான மெஷினை இரண்டு தடவை நகர்த்தும் வேலை மிச்சம்.

வேகத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பல பிரிண்டர்களில் 100 எம்பிபிஎஸ் போர்ட்தான் இருக்கும், பிரிண்டுக்கு அது தாராளம். கேட்5இ கேபிள் போதும், சுவிட்சிலிருந்து மொத்த நீளம் 100 மீட்டருக்குள் இருந்தால் சரி. மெனுவில் 'லிங்க் ஸ்பீடு' என்று ஒன்று இருக்கும், அதை 'ஆட்டோ'விலேயே விட்டுவிடுங்கள். ஒரு பக்கம் 100 ஃபுல் டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் அனுப்பவும் வாங்கவும் முடிவது) என்று கட்டாயப்படுத்தி, மறுபக்கம் ஆட்டோவில் இருந்தால், ஆட்டோ பக்கம் ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு (ஒரு நேரத்தில் ஒன்று மட்டும்) இறங்கிவிடும். இணைப்பு இருக்கும், ஆனால் பெரிய ஃபைல் ஆமை வேகத்தில் போகும். கண்டுபிடிக்க மிகவும் சிரமமான கோளாறு அது.

அடுத்தது வைஃபை. சில மெஷின்கள் கேபிள் செருகிய உடனே வைஃபையைத் தானாக நிறுத்திவிடும். சிலவற்றில் நெட்வொர்க் மெனுவுக்குள் போய் 'வயர்டு லேன்' என்று நாமே தேர்வு செய்ய வேண்டும். அதுவரை கேபிள் செருகியிருந்தாலும் மெஷின் அதைக் கண்டுகொள்ளாது. இன்னும் சில பெரிய மெஷின்கள் இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்திருக்கும். அப்போது ஒரே பிரிண்டருக்கு இரண்டு முகவரி இருக்கும், சிலருடைய கணினி இதையும் சிலருடையது அதையும் பிடித்திருக்கும். கேபிளுக்கு மாறுவது என்று முடிவெடுத்தால் வைஃபையை மெனுவிலேயே அணைத்துவிடுங்கள்.

இதற்குப் பிறகு நான் எப்போதும் செய்கிற முதல் வேலை, மெஷினிலிருந்தே நெட்வொர்க் அறிக்கையை பிரிண்ட் எடுப்பது. 'நெட்வொர்க் கான்ஃபிகரேஷன் பேஜ்', 'நெட்வொர்க் ஸ்டேட்டஸ் ஷீட்' என்று மெஷினுக்கு மெஷின் பெயர் மாறும். கண்ட்ரோல் பேனலில் ரிப்போர்ட்ஸ் என்ற பகுதிக்குள் இருக்கும். அந்த ஒரு தாளில் எல்லாமே இருக்கிறது. இணைப்பு கேபிளா வைஃபையா, ஐபி முகவரி என்ன, அது தானாக வந்ததா கையால் போட்டதா, சப்நெட் மாஸ்க், கேட்வே (வெளி நெட்வொர்க்குக்குப் போகும் வாசல்), மேக் முகவரி (மெஷினிலேயே பதிந்து வரும் அடையாள எண்). இதைக் கையில் வைத்துக்கொள்ளாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது என்பேன்.

தாளில் ஐபி முகவரி 0.0.0.0 என்று இருந்தால் மெஷினுக்கு இன்னும் எதுவும் கிடைக்கவில்லை. 169.254 என்று தொடங்கினால், அது முகவரி கேட்டுப் பார்த்துப் பதில் வராமல் தனக்குத் தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டிருக்கிறது. அந்த முகவரியை கணினியில் போட்டுப் பயனில்லை. உங்கள் ஆபீஸ் கணினிகளின் முகவரி எப்படித் தொடங்குகிறதோ, பிரிண்டருடையதும் அப்படித்தான் தொடங்க வேண்டும். பெரும்பாலான இடங்களில் 192.168 அல்லது 10 என்று இருக்கும், சில இடங்களில் 172.16 முதல் 172.31 வரைக்குள் இருக்கும். உள் நெட்வொர்க்குகளுக்கென்றே ஒதுக்கி வைத்த எண்கள் இவை.

விளக்கு எரிகிறது, ஆனாலும் 169.254 தான் வருகிறது என்றால் இரண்டு சந்தேகங்கள். பெரிய ஆபீஸ்களில் சுவிட்ச் போர்ட்டையே பூட்டி வைத்திருப்பார்கள், பதிவு செய்யாத சாதனத்தைச் செருகினால் உள்ளே விடாது. நெட்வொர்க் பார்ப்பவரிடம் மேக் முகவரியைக் கொடுத்துத் திறந்துவிடச் சொல்ல வேண்டும். இன்னொன்று, சில சுவிட்சுகள் புதிதாக ஒன்று இணைந்ததும் சுமார் 30 விநாடி எதையும் அனுப்பாமல் சோதித்துக்கொண்டிருக்கும். அதற்குள் பிரிண்டர் முகவரி கேட்டுச் சலித்துவிடும். மெஷினை ஆன் செய்து ஒரு நிமிடம் பொறுத்து, கேபிளைக் கழற்றாமல், மெனுவிலிருந்து நெட்வொர்க்கை மட்டும் ரீஸ்டார்ட் செய்தால் முகவரி வந்துவிடும். நிரந்தரத் தீர்வு சுவிட்சில் அந்தப் போர்ட்டுக்கு அந்தக் காத்திருப்பை நீக்குவதுதான்.

சரி, முக்கியமான இடத்துக்கு வருவோம். முகவரியை யார் கொடுப்பது?

எதையும் தொடாவிட்டால் டிஎச்சிபி என்ற தானியங்கி முறை மூலம் ரவுட்டரோ சர்வரோ ஒரு முகவரியைக் கொடுக்கும். அது சொந்தமாகக் கொடுப்பதில்லை, குறிப்பிட்ட காலத்துக்குக் குத்தகையாகக் கொடுக்கிறது. விண்டோஸ் சர்வர் கொடுத்தால், யாரும் மாற்றாதவரை, 8 நாள். பல சின்ன ரவுட்டர்களில் ஒரே நாள். பிரிண்டர் ஓடிக்கொண்டிருக்கும்வரை, குத்தகையில் பாதிக்காலம் ஆனதும் அதுவே புதுப்பித்துக்கொள்ளும். அதனால் மாதக்கணக்கில் ஒரே முகவரி இருப்பது போலத் தெரியும். நீண்ட விடுமுறைக்கு மெஷினை அணைத்துவிட்டுப் போனால் குத்தகை முடிந்துவிடும். அந்த இடைவெளியில் அதே எண்ணை வேறு யாருடைய போனாவது வாங்கிக்கொண்டால், திரும்பி வந்ததும் பிரிண்டருக்கு வேறு எண்தான்.

எங்கள் கணக்குப் பிரிவு அக்கா இதை மிகச் சரியாகக் கவனித்திருந்தார். "தம்பி, லீவு முடிஞ்சு வந்தா மட்டும் இந்த பிரிண்டர் நம்மள மறந்துடுது. மத்த நாள்ல ஒழுங்காத்தான் இருக்கு" என்றார். தொழில்நுட்பம் தெரியாதவர் சொன்ன வார்த்தை, ஆனால் நோயைக் காட்டிக் கொடுத்தது அதுதான். எப்போது நடக்கிறது என்று உபயோகிப்பவரிடம் கேட்பது எந்தச் சோதனைக் கருவியையும்விடச் சீக்கிரம் பதில் தரும்.

இதற்குப் பலரும் செய்யும் தீர்வு, பிரிண்டர் மெனுவில் 'மேனுவல்' அல்லது 'ஸ்டாட்டிக்' என்று மாற்றி ஒரு எண்ணை அடித்துவிடுவது. இது வேலை செய்யும். ஆனால் ரவுட்டருக்கு அந்த விஷயம் தெரியாது. அது கொடுக்கும் எண்களின் வரம்புக்குள் நீங்கள் அடித்த எண் இருந்தால், என்றாவது ஒருநாள் அதையே வேறொரு லேப்டாப்புக்குக் கொடுத்துவிடும். ஒரே எண்ணில் இரண்டு சாதனம் வந்தால் பிரிண்ட் சில சமயம் வரும், சில சமயம் வராது. அந்த லேப்டாப்காரர் வீட்டுக்குப் போனதும் எல்லாம் சரியாகிவிடும். மறுநாள் காலை அவர் வந்ததும் மறுபடி ஆரம்பம். காரணம் தெரியாதவர்கள் பிரிண்டரைத்தான் திட்டுவார்கள்.

என் தேர்வு எப்போதும் ரிசர்வேஷன்தான். பிரிண்டரை ஆட்டோவிலேயே விட்டுவிடுங்கள். ரவுட்டரின் அமைப்புக்குள் போய், இந்த மேக் முகவரி கேட்டால் இந்த ஐபியை மட்டும் கொடு, வேறு யாருக்கும் இதைக் கொடுக்காதே என்று பதிவு செய்துவிடுங்கள். ரவுட்டரைப் பொறுத்து 'அட்ரஸ் ரிசர்வேஷன்', 'ஸ்டாட்டிக் லீஸ்' என்று பெயர் இருக்கும். இதில் பெரிய லாபம், முகவரிகள் எல்லாம் ஒரே இடத்தில் பட்டியலாக இருக்கும். யாராவது பிரிண்டரை ஃபேக்டரி ரீசெட் செய்தாலும் அது திரும்ப வந்து கேட்டதும் அதே எண் கிடைத்துவிடும். மாஸ்க், கேட்வே, டிஎன்எஸ் (பெயரை ஐபி எண்ணாக மாற்றித் தரும் சர்வர்) மூன்றும் தானாகச் சரியாகவே வரும்.

மேக் முகவரியில் ஒரு பொறி உண்டு. அது 12 இலக்கம், இரண்டிரண்டாக ஆறு ஜோடி, 0 முதல் 9 வரை எண்களும் ஏ முதல் எஃப் வரை எழுத்துகளும் வரும். கேபிளுக்கு ஒன்று, வைஃபைக்கு வேறொன்று. வைஃபையில் இருந்தபோது ரவுட்டரில் தெரிந்த மேக்கை வைத்துப் பதிவு செய்துவிட்டு, கேபிளுக்கு மாறியதும் "பதிவு செய்தும் எண் வரவில்லை" என்று தலையைப் பிய்த்துக்கொள்வது அடிக்கடி நடக்கிற விஷயம். கேபிள் இணைத்த பிறகு எடுத்த அறிக்கைத் தாளில் 'வயர்டு' என்பதன் கீழ் உள்ளதைத்தான் எடுக்க வேண்டும். அதைக் கையால் அடிக்கும்போது 8ஐயும் பி எழுத்தையும் மாற்றிப் படித்துவிடாதீர்கள். இரண்டாவது ஆளை வாசிக்கச் சொல்லிச் சரிபார்ப்பது நல்லது.

ரவுட்டருக்குள் போக அனுமதி இல்லாத இடங்களில் ஸ்டாட்டிக் தவிர வேறு வழியில்லை. அப்போது டிஎச்சிபி கொடுக்கும் வரம்பை நெட்வொர்க் பார்ப்பவரிடம் கேட்டு, அதற்கு வெளியே ஒரு எண்ணை வாங்குங்கள். நீங்களாகத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை வந்தால் முதலில் பிங் செய்து, அதாவது கணினியிலிருந்து அந்த எண்ணைக் கூப்பிட்டுப் பாருங்கள். பதில் வந்தால் அந்த எண் ஏற்கனவே உபயோகத்தில் இருக்கிறது. பதில் வரவில்லை என்றால் காலி என்று நம்பிவிட முடியாது. பல கணினிகளின் ஃபயர்வால் பிங்குக்குப் பதில் சொல்ல விடாது. பிங் செய்த கையோடு, எந்த ஐபி எந்த மேக் முகவரிக்கு உரியது என்று கணினி குறித்து வைக்கும் ஏஆர்பி பட்டியலைப் பாருங்கள். பிங்குக்கு வாய் திறக்காத கணினியும் அந்தப் பட்டியலில் தன் மேக் முகவரியோடு வந்து நிற்கும். அன்றைக்கு அணைத்து வைத்திருக்கும் சாதனம் இதிலும் தெரியாது, ஆகவே கேட்டு வாங்குவதுதான் சிறந்தது.

ஸ்டாட்டிக்காகப் போடும்போது ஐபியை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை அப்படியே விடுவதுதான் பின்னால் தொல்லை கொடுக்கும். சப்நெட் மாஸ்க் என்பது எந்தெந்த எண்கள் நம் பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று மெஷினுக்குச் சொல்வது. 255.255.255.0 என்றால் கடைசிப் பகுதி மட்டும் மாறும், 254 சாதனம் வரை வைக்கலாம். ஆபீஸ் பெரிதாகி 255.255.254.0 என்று விரித்திருப்பார்கள். அப்போது 192.168.10ம் 192.168.11ம் ஒரே நெட்வொர்க். பிரிண்டர் 192.168.10.50இல் பழைய மாஸ்க்குடன் இருந்தால், 192.168.10இல் உள்ள கணினிகள் எல்லாம் பிரிண்ட் எடுக்கும். 192.168.11இல் உள்ளவர்கள் அனுப்பினால் பிரிண்டர் அவர்களை வெளியூர்க்காரர்களாக நினைத்து, பதிலை கேட்வே வழியாக அனுப்பப் பார்க்கும். கேட்வே காலியாக இருந்தால் பதிலே போகாது. பாதிப் பேருக்கு வருகிறது, பாதிப் பேருக்கு வரவில்லை என்று புகார் வந்தால் நான் முதலில் மாஸ்க்கைத்தான் பார்ப்பேன்.

கேட்வேயும் டிஎன்எஸும் தவறாக இருந்தாலும் ஒரே நெட்வொர்க்குக்குள் பிரிண்ட் பிரமாதமாக வரும். அதனாலேயே யாரும் கவனிக்க மாட்டார்கள். ஸ்கேன் செய்து மெயிலில் அனுப்பப் போகும்போதுதான் 'சர்வருடன் தொடர்பு இல்லை' என்று வரும். மெயில் சர்வர் வெளியே இருக்கிறது, போக கேட்வே வேண்டும். அதன் பெயரை எண்ணாக மாற்ற டிஎன்எஸ் வேண்டும். எங்கள் ஆபீஸிலும் இது நடந்தது. மெஷினை வைத்துவிட்டுப் போன டெக்னீஷியன் டெஸ்ட் பேஜ் எடுத்துக் காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். மெயிலில் ஸ்கேன் போகவில்லை என்று தெரிந்ததும் எல்லோரும் பாஸ்வேர்டைத்தான் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். அறிக்கைத் தாளை எடுத்தால் டிஎன்எஸ் இருந்த இடத்தில் 0.0.0.0. அதைச் சரிசெய்ததும் அடுத்த ஸ்கேன் போய்விட்டது. டெஸ்ட் பேஜ் வருவதை மட்டும் வைத்து வேலை முடிந்தது என்று ஒத்துக்கொள்ளாதீர்கள். ஸ்கேன் டு மெயில், ஸ்கேன் டு ஃபோல்டர் இரண்டையும் உங்கள் கண் முன்னால் செய்து காட்டச் சொல்லுங்கள்.

மெஷினின் தேதி, நேரமும் சரியாக இருக்க வேண்டும். நேரம் வருடக்கணக்கில் தள்ளியிருந்தால், மெயில் சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழைச் சரிபார்க்கும் மெஷின் அதைக் காலாவதியானது என்று நினைத்து நிராகரித்துவிடும். ஜிமெயில் உபயோகித்தால் சாதாரண பாஸ்வேர்டு செல்லாது. 2022 மே 30 முதல் அதை நிறுத்திவிட்டார்கள். இரண்டு கட்டச் சரிபார்ப்பை ஆன் செய்து 'ஆப் பாஸ்வேர்டு' ஒன்று உருவாக்கித்தான் மெஷினில் போட வேண்டும். ஃபோல்டருக்கு ஸ்கேன் போகவில்லை என்றால், மெஷின் பழையதா என்று பாருங்கள். நெட்வொர்க்கில் ஃபோல்டரைப் பகிரும் பழைய முறையான எஸ்எம்பி1 மட்டுமே தெரிந்த பழைய மெஷின்கள் பல உண்டு. 2017 இறுதியில் வந்த விண்டோஸ் 10 வெளியீட்டிலிருந்து அது முன்னிருப்பாகவே நிறுவப்படுவதில்லை. அதைக் கணினியில் திரும்ப ஆன் செய்யச் சொல்லிப் பலர் ஆலோசனை கொடுப்பார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அதே 2017இல் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை வைரஸ் பரவியது அதில் இருந்த ஓட்டை வழியாகத்தான். மெஷினுக்கு ஃபர்ம்வேர் (உள்ளே இருக்கும் மென்பொருள்) அப்டேட் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் ஸ்கேனை மெயிலுக்கோ யூஎஸ்பிக்கோ திருப்பிவிடுங்கள்.

மெஷினின் சின்னத் திரையில் இதையெல்லாம் அடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. முகவரி கிடைத்ததும், கணினியில் பிரவுசரைத் திறந்து முகவரிப் பட்டையில் அந்த ஐபியை அடித்தால் பிரிண்டரின் சொந்தப் பக்கம் வரும். சான்றிதழ் நம்பகமானதல்ல என்று பிரவுசர் எச்சரிக்கும். பிரிண்டர் தனக்குத் தானே கையெழுத்திட்டுக்கொண்ட சான்றிதழ் அது. உள் நெட்வொர்க்கில், எண் சரிதானா என்று பார்த்துவிட்டு மேலே போகலாம். அந்தப் பக்கத்தில் எல்லா அமைப்பையும் நிதானமாக, விசைப்பலகையில் அடித்து மாற்றலாம். ஐபியை மாற்றி 'அப்ளை' கொடுத்ததும் பக்கம் உறைந்துபோகும், பயப்பட வேண்டாம். புது எண்ணை அடித்தால் திரும்ப வரும்.

இனி கணினிப் பக்கம். பிரிண்டரில் எல்லாம் சரியாகச் செய்தும் இங்கே கோட்டை விட்டால் பயனில்லை. விண்டோஸில் பிரிண்டரைத் தானாகக் கண்டுபிடிக்கச் சொல்லிச் சேர்த்தால், பல சமயம் 'டபிள்யூஎஸ்டி' என்ற வகைப் போர்ட்டில் சேர்த்துவிடும். அது பெயரைக் கூவித் தேடும் வகை. வசதியானதுதான், ஆனால் தூங்கி எழுந்த பிரிண்டரை அது தவறவிடுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நிலையான முகவரி இருக்கும்போது, பிரிண்டர் பிராப்பர்ட்டீஸில் 'போர்ட்ஸ்' பகுதிக்குப் போய், 'ஆட் போர்ட்', 'ஸ்டாண்டர்ட் டிசிபி ஐபி போர்ட்' என்று தேர்ந்தெடுத்து, எண்ணை நேரடியாகக் கொடுத்துவிடுங்கள். டிரைவரை அழிக்கத் தேவையில்லை, போர்ட் மட்டும் மாறினால் போதும். அதற்குள் 'ரா' என்ற முறையும் 9100 என்ற போர்ட் எண்ணும் இருக்கும். எச்பியின் ஜெட்டைரக்ட் கார்டுகள் வழியாகப் பரவி, இன்று ஏறக்குறைய எல்லா ஆபீஸ் பிரிண்டரும் ஏற்றுக்கொள்ளும் எண் அது. ஆப்பிள் கணினிகளில் பிரிண்டரைப் பெயரால் தேடுவதால் எண் மாறினாலும் பெரும்பாலும் சமாளித்துவிடும், ஆனால் வேறு சப்நெட்டில் இருக்கும் பிரிண்டரை அந்த முறையில் சாதாரணமாகப் பார்க்க முடியாது.

அதே 'கான்ஃபிகர் போர்ட்' பெட்டியில் கீழே 'எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ் எனேபிள்டு' என்று ஒரு டிக் இருக்கும். பேப்பர் இருக்கிறதா, டோனர் இருக்கிறதா என்று விண்டோஸ் பிரிண்டரைக் கேட்பது அதன் வழியாகத்தான். பிரிண்டரில் எஸ்என்எம்பியை அணைத்திருந்தாலோ, அதன் ரகசியச் சொல்லை மாற்றியிருந்தாலோ பதில் வராது. பதில் வராததால் விண்டோஸ் அதை ஆஃப்லைன் என்று முடிவு கட்டிவிடும். பிங் போகிறது, பிரிண்டரின் பக்கம் பிரவுசரில் திறக்கிறது, ஆனால் கணினியில் சாம்பல் நிறத்தில் ஆஃப்லைன். இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் அந்த டிக்கை எடுத்துப் பாருங்கள். எங்கள் இடத்தில் பிரிண்டரின் பாதுகாப்பு அமைப்புகளை இறுக்கிய அன்று எல்லோருக்கும் ஆஃப்லைன் வந்தது இதனால்தான். டிக்கை எடுத்ததும் வந்துவிட்டது.

பழைய வேலைகள் வரிசையில் சிக்கிக் கிடந்தால் அவற்றை நீக்கிவிட்டு ஒரு பக்கம் மட்டும் அனுப்பிச் சோதியுங்கள். 'காப்பி 1', 'காப்பி 2' என்று ஒரே பிரிண்டர் பல தடவை பட்டியலில் இருந்தால், சரியான போர்ட் உள்ள ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடுங்கள். ஊழியர்கள் பழைய பெயரைத்தான் பழக்கத்தில் தேர்ந்தெடுப்பார்கள்.

தூங்கப் போன பிரிண்டர் எழாமல் இருப்பது தனிப் பிரச்சினை. 'எனர்ஜி எஃபிஷியன்ட் ஈதர்நெட்' என்று மின்சாரத்தை மிச்சப்படுத்தும் ஒரு அமைப்பு சில பிரிண்டர்களிலும் சுவிட்சுகளிலும் இருக்கும். இரண்டுக்கும் ஒத்துப்போகாத சமயங்களில் இணைப்பு விட்டு விட்டுப் போகும். காரணம் புலப்படாமல் இணைப்பு அறுந்தால், ஒரு பக்கத்தில் அதை அணைத்துப் பார்க்கலாம். முழுவதுமாகத் தானே அணைந்துவிடும் 'ஆட்டோ ஆஃப்' அமைப்பையும் பாருங்கள், அதில் அணைந்த மெஷினை நெட்வொர்க் வழியாக எழுப்ப முடியாது.

பாதுகாப்பைப் பற்றிச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. நெட்வொர்க்கில் இருக்கும் பிரிண்டர் ஒரு கணினிதான். சம்பளப் பட்டியல், அடையாள ஆவணங்கள், ஒப்பந்தங்கள் எல்லாம் அதன் வழியாகப் போகின்றன, மெயில் பாஸ்வேர்டும் அதற்குள் இருக்கிறது. அதன் அட்மின் பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றுங்கள். வீட்டிலிருந்து பிரிண்ட் எடுக்க வேண்டும் என்று ரவுட்டரில் 9100ஐ வெளியே திறந்துவிடும் யோசனை யாரிடமிருந்து வந்தாலும் மறுத்துவிடுங்கள். 2018 நவம்பரில் இப்படித் திறந்து கிடந்த சுமார் 50,000 பிரிண்டர்களில் முகம் தெரியாத ஒருவர் தன் செய்தியை அச்சடித்துக் காட்டினார். வந்தது வெறும் விளம்பரத் தாள் என்பது அந்த ஆபீஸ்களின் அதிர்ஷ்டம்.

வேலை முடிந்ததும் மெஷினின் முன்பக்கத்தில் ஒரு லேபிள் ஒட்டுங்கள். ஐபி முகவரி, சுவர்ச் சாக்கெட்டின் எண், யாரிடம் சொல்ல வேண்டும் என்பது. பாஸ்வேர்டை அதில் எழுதக்கூடாது. கடைசியாக எடுத்த அறிக்கைத் தாளை டோனர் பெட்டிகள் வைக்கும் அலமாரிக்குள் கவரில் போட்டு வையுங்கள், பழைய தாளைக் கிழித்துவிடுங்கள்.

ரவுட்டரை மாற்றும் நாள் ஒன்று வரும். ரிசர்வேஷன் பட்டியல் பழைய ரவுட்டருக்குள் இருக்கிறது, அதைக் கழற்றிய பிறகு யாருக்கும் நினைவிருக்காது. எங்கள் ரவுட்டரை மாற்ற ஆள் வந்தபோது, கழற்றுவதற்கு முன் அந்தப் பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டேன். புது ரவுட்டர் வேறு எண் வரிசையில் வந்திருந்தது. அதை முதலில் பழைய வரிசைக்கே மாற்றச் சொன்னேன். "புது ரவுட்டர்ல எல்லாம் தானா வந்துடும் சார்" என்றார் அவர். "வரும் தம்பி, ஆனா பழைய நம்பர் வராது" என்று சொல்லி, பிரிண்டரின் மேக்கையும் ஐபியையும் அவரை வைத்தே பதிவு செய்யவைத்தேன். மெஷினை ஒருமுறை அணைத்துப் போட்டதும் பழைய எண்ணிலேயே வந்தது. கணினிகளில் எதையும் தொட வேண்டியிருக்கவில்லை.